தூங்குமூஞ்சி மரமும் இரண்டு ட்ரோன்களும்

என் மைத்துனர் செகண்ட்ஹேண்டில் ஒரு டிஜேஐ மினி 3 ப்ரோ ட்ரோன் வாங்கினார். அன்றிலிருந்து என் பழைய மினி 2-ஐ ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார். "ரெண்டுமே 4கே தானே மச்சான்?" என்று கேட்டேன். சரி, பறக்கவிட்டே பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம்.

இரண்டும் 250 கிராமுக்குள் இருப்பதால் சிங்கப்பூரில் பதிவு தேவையில்லை. ஆனால் விமானத் தளத்திலிருந்து 5 கிலோமீட்டர் தள்ளி, 200 அடிக்கு மேல் போகாமல் பறக்கவேண்டும். ஒன்மேப் இணைய வரைபடத்தில் அப்படி ஓர் இடம் தேடுவதற்குள் பாதி சனிக்கிழமை போய்விட்டது.

திடலோரம் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம், பின்னால் வீவக அடுக்குமாடி புளோக்குகள். வெயில் இருந்தவரை போன் திரையில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. 4கே என்பது வெறும் எண்ணிக்கை: அகலத்தில் 3840, உயரத்தில் 2160, மொத்தம் சுமார் 83 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்பதை அது சொல்லாது.

ஏழு மணி நெருங்கியபோதுதான் கதை மாறியது. மினி 2-இன் சென்சார், அதாவது ஒளியைப் பிடிக்கும் சில்லு, 1/2.3 அங்குல வகை; லென்ஸ் எஃப் 2.8 (இந்த எண் குறைந்தால் துவாரம் பெரிது). மினி 3 ப்ரோவில் 1/1.3 அங்குல வகை, எஃப் 1.7. சென்சாரின் பரப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு, லென்ஸ் விடும் ஒளியும் அதேபோல. பெருக்கினால் ஆறு மடங்குக்கும் மேல். மழை தொடங்கும்போது நடைபாதையைக் கவனித்திருப்பீர்கள்: ஒரு கல் நனைந்திருக்கும், பக்கத்துக் கல் காய்ந்திருக்கும். கொட்ட ஆரம்பித்தால் எல்லாம் ஒன்றுபோல நனைந்துவிடும். ஒளியும் துளித்துளியாகத்தான் வருகிறது. துளி குறைந்தால் படம் பொரிப்பொரியாகத் தெரியும். பெரிய துவாரத்துக்கும் ஒரு தொல்லை உண்டு: உச்சிவெயிலில் கறுப்புக் கண்ணாடி மாதிரி என்டி ஃபில்டர் மாட்டாவிட்டால் ஷட்டர் வேகத்தை ஏகத்துக்கு ஏற்றவேண்டிவரும், அசைவு வெடுக்வெடுக்கென்று தெரியும்.

ஆனால் என் வீடியோவை நிஜமாகக் கெடுத்தது அந்தப் பொரி மட்டுமல்ல. வினாடிக்கு 25 பிரேம் (தனித்தனிப் படம்), புள்ளிக்கு 24 பிட் (0 அல்லது 1) என்று அப்படியே எழுதினால் வினாடிக்குக் கிட்டத்தட்ட 500 கோடி பிட். மினி 2 தன் நினைவக அட்டையில் வினாடிக்கு எழுதுவது அதிகபட்சம் 10 கோடி. மீதியை எப்படி விழுங்குகிறது? ஒரு பிரேமை முழுதாக வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த பிரேம்களில் மாறியதை மட்டும் குறித்துக்கொள்கிறது. அசையாத புளோக்குக்குச் செலவே இல்லை. காற்றில் ஆடும் ஆயிரக்கணக்கான சிற்றிலைகளுக்குத்தான் செலவு. இந்தப் பொரியோ பிரேமுக்குப் பிரேம் இடம் மாறும். கருவி அதையும் 'புது விவரம்' என்று நினைத்துப் பிட்டுகளை அள்ளிக் கொடுக்கிறது. கடைசியில் இலைகளுக்கு மிஞ்சுவது சொற்பம். வீட்டுக்கு வந்து கணினியில் நிறுத்திப் பார்த்தேன்: மரத்தின் நிழல்பக்கம் கீரை மசியல். மினி 3 ப்ரோவில் பொரி குறைவு, 15 கோடி பிட் வரை இடம் இருக்கிறது, போதாததற்கு எச்.265 என்ற வீடியோ சுருக்கும் முறை. அதே தரத்தைப் பழைய எச்.264 முறையைவிட ஏறக்குறையப் பாதிப் பிட்டில் தரக்கூடியது அது.

அப்புறம்தான் ஒரு தப்பு உறைத்தது. அவருடையது முதலில் பறந்தது, என்னுடையது இருபது நிமிடம் கழித்து. அதற்குள் மரம் இலைகளை மடக்கத் தொடங்கியிருந்தது! பெயரே தூங்குமூஞ்சி, மலாயிலும் 'புக்குல் லீமா', ஐந்து மணி மரம். அடுத்த வாரம் வரிசையை மாற்றி மறுபடி எடுத்தோம். மசியல் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை.

அந்தி வானத்தில் இன்னொன்று. என்னுடையது 8 பிட், ஒரு நிறத்துக்கு 256 படிகள். அவருடையதில் டி-சினிலைக் என்ற நிற முறையில் 10 பிட், 1024 படிகள். நிறத்தைக் கொஞ்சம் ஏற்றித் திருத்தியதும் என் ஆரஞ்சு வானம் பட்டை பட்டையாகப் பிரிந்தது.

இரண்டையும் வாட்ஸ்அப்பில் குடும்பக் குழுவுக்கு அனுப்பினோம். அது தன் பங்குக்கு இன்னொரு முறை பிழிந்தெடுக்குமே! எது யாருடையது என்று மைத்துனருக்கே சொல்லத் தெரியவில்லை.