வண்டிக்கு ஏது பொருளாதாரம்?

காட்பாடி ரோட்டில் ஒரு பைக் ஷோரூம் பலகை: ‘அதிக எரிபொருள் பொருளாதாரம்!’ செல்போனில் விமான டிக்கெட் பார்த்தால் ‘பொருளாதார வகுப்பு’. நாட்டின் உற்பத்தி, வாணிபம், வரவு செலவு பேசும் துறைக்கு வைத்த பெயர் பொருளாதாரம். ஆங்கில ‘எகானமி’ எங்கே வந்தாலும் இதுதான் என்று நினைத்து, அதைப் பெட்ரோல் டேங்கில் ஊற்றிய புண்ணியவான் யாரோ!

சொல்லவேண்டியது சிக்கனம். சிக்கென என்றால் இறுக, உறுதியாக. ‘சிக்கெனப் பிடித்தேன்’ என்றது திருவாசகம். பிடி இறுகினால் காசு ஒழுகாது, அவ்வளவுதான். உடம்பு ‘சிக்குன்னு இருக்கு’ என்கிறோமே, அதுவும் இந்தச் சொல்லுக்கு உறவு.

சிக்கனம் என்றால் கஞ்சத்தனம்போல் ஒலிக்கிறதாம், வாங்குகிறவர் முகம் சுளிப்பாராம். மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லும் சாக்கு இது. யார் சுளித்தார்? ‘மின் சிக்கனம் தேவை இக்கணம்’ என்று மின்வாரியம் சொன்னபோது யாராவது கோபித்துக்கொண்டார்களா? ஊழியர்கள் கடன் வாங்கும் சங்கத்துக்கே கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் என்று பெயர். கஞ்சத்தனத்துக்கு வள்ளுவர் தனியாகவே ஒரு சொல் வைத்திருக்கிறார்: ‘பற்றுள்ளம் என்னும் இவறன்மை’. கொடுக்கவேண்டிய இடத்திலும் கை விரியாதது அது. சிக்கனத்தின் கணக்கு 478ஆம் குறளில் இருக்கிறது: ‘ஆகாறு அளவிட்டி தாயினுங் கேடில்லை போகாறு அகலாக் கடை’. வரவு சிறுத்தாலும் செலவு பெருக்காதவரை கேடில்லை. பாலாற்றில் மணலையே அதிகம் பார்த்த வேலூர்க்காரருக்கு இதற்கு உரை வேண்டாம். அரிசி கழுவிய தண்ணீரை முருங்கைக்கு ஊற்றுகிறவளை இங்கே யாரும் கஞ்சம் என்பதில்லை. ‘கட்டும் செட்டுமா குடித்தனம் பண்றா’ என்பார்கள்.

அந்தச் செட்டையே போடலாமே என்பார்கள் தனித்தமிழ் அன்பர்கள். நல்ல சொல்தான். ஆனால் ‘எரிபொருள் செட்டு’ என்று எழுதினால் பம்ப்செட்டுதான் ஞாபகம் வரும். சிக்கனமே தமிழாக இருக்க, இன்னொன்று எதற்கு?

மலிவையும் இதனோடு குழப்புகிறார்கள். மலிதல் என்றால் நிறைதல். சரக்கு நிறைந்தால் விலை இறங்கும், அதனால் மலிவு. அது விலையைப் பற்றியது. சிக்கனம் செலவழிக்கும் விதத்தைப் பற்றியது. ஆகவே ‘பொருளாதாரமான விலை’ என்பது மலிவு விலை, விமானத்தில் சிக்கன வகுப்பு, பைக்குக்கு எரிபொருள் சிக்கனம். இதுவும் கசந்தால் மெக்கானிக் சொல்வதையாவது எழுதித் தொலையுங்கள்: ‘மைலேஜ் நல்லா குடுக்கும்.’