சேம்பர், அதாவது குழலில் தோட்டா உட்காரும் அறை, காலி என்றால் துப்பாக்கி காலி என்று யார் சொன்னது?

இந்த வருஷத்தில் இது மூன்றாவது முறை. பயிற்சி முடிந்து இயந்திரத் துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தேன். "கிளியர் பண்ணிட்டேன் சார்" என்று ஒரு பையன் வந்து நின்றான். போல்ட் (தோட்டாவைச் சேம்பருக்குள் தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டு) பின்னால் நின்றது, தோட்டா கோத்த பெல்ட் எதுவும் தொங்கவில்லை. மேல் மூடியான டாப் கவரைத் தூக்கினால், பெல்ட் படுக்கும் தட்டான ஃபீட் ட்ரேயில் ஒரு ரவுண்டு (தோட்டா) சமத்தாகப் படுத்திருக்கிறது. குழல் முனை நீட்டிய பக்கம் நான்கு பேர் வரிசையில் நின்றார்கள்.

கேட்டால், "சேம்பரைப் பார்த்தேன் சார், காலியாத்தான் இருந்தது" என்கிறான். காலியாகத்தானே இருக்கும்!

ரைஃபிளில் பழகிய கை செய்யும் தப்பு இது. அங்கே மேகசினைக் கழற்றி, போல்ட்டை இழுத்து, சேம்பரைப் பார்த்தால் வேலை முடிந்தது. இங்கே போல்ட் பின்னால் நிற்பதற்கு அர்த்தம் 'சுடத் தயார்' என்பது. ட்ரிகர் போல்ட்டை விடுவிக்கும், அவ்வளவுதான். விடுபட்ட போல்ட் முன்னே பாய்ந்து, வழியில் ரவுண்டைத் தள்ளிக்கொண்டு போய், சேம்பரில் ஏற்றி, பூட்டி, சுட்டுவிடும். எல்லாம் ஒரே ஓட்டத்தில். ஆகவே சுடும் நொடி வரை சேம்பர் காலிதான். பெல்ட்டில் 200 ரவுண்டு இருந்தாலும் காலிதான். அதை எட்டிப் பார்த்து நிம்மதி அடைவதில் என்ன பயன்?

வடிவமைத்தவர்கள் தெரியாமல் இப்படிச் செய்யவில்லை. விடாமல் சுட்டுக் கொதித்த குழலுக்குள் ஒரு ரவுண்டு தங்கினால், யாரும் தொடாமலே சூட்டில் வெடிக்கும். அதனால் சுடாத நேரத்தில் சேம்பரைத் திறந்து போட்டுக் காற்றாட விடுகிறார்கள். ஜெர்மனியின் எம்.ஜி.34, நிமிடத்துக்குச் சுமார் 1200 ரவுண்டு துப்பிய எம்.ஜி.42, அதன் பெல்ட் ஊட்டும் முறையை எடுத்துக்கொண்ட பெல்ஜியத்தின் மேக், அமெரிக்காவின் எம்.60, ரஷ்யாவின் பி.கே.எம். என எல்லாம் இதே ஜாதி. (எம்.60-இன் பழைய வகையில், வெடிவாயுவின் விசையால் போல்ட்டைப் பின்னே தள்ளும் கேஸ் பிஸ்டனைத் தலைகீழாக மாட்டிவிட முடியும். மாட்டினால் இயந்திரத் துப்பாக்கி ஒவ்வொரு ரவுண்டாகச் சுடும். அதை வரைந்தவரை ஒரு நாள் ஆயுதக் கிடங்கில் உட்கார வைக்க வேண்டும்.)

அந்தப் பையன் செய்தது இதுதான். வெளியே தொங்கிய பெல்ட்டைப் பிடித்து, ஒரு ரவுண்டை உருவி அறுத்திருக்கிறான். இரும்பு இணைப்புகளைக் கோத்து வைத்திருப்பதே ரவுண்டுதான், உருவினால் பிரிந்துவிடும். கவருக்குள் இருந்த மிச்சம் அங்கேயே நின்றுவிட்டது. பி.கே.எம். இன்னும் மோசம். அதன் ரவுண்டுக்கு அடிப்பக்கம் துருத்திய விளிம்பு உண்டு, நேராக முன்னே தள்ள முடியாது. போல்ட் பின்னே வரும்போதே ரவுண்டைப் பெல்ட்டிலிருந்து பின்பக்கமாக உருவிக் கீழே இறக்கி வைத்திருக்கும். கவரைத் திறந்து பெல்ட்டை எடுத்த பிறகும் ஒன்று உள்ளே காத்திருக்கலாம். போதாததற்கு அதில் பெல்ட் வலப்பக்கம் நுழையும், மற்றவற்றில் இடப்பக்கம்.

சரி, என்ன செய்ய வேண்டும்? குழல் இலக்கை நோக்கியே இருக்கட்டும். போல்ட்டை முழுக்கப் பின்னால் இழு, சேஃப்டி போடு. மேக்கில் போல்ட் பின்னால் நின்றால்தான் சேஃப்டியே போட முடியும், அதனால் இந்த வரிசையை மாற்றாதே. கவரைத் திற, பெல்ட்டை எடு. ட்ரேயைப் பார், ட்ரேயைத் தூக்கி அடியில் பார், சேம்பரைப் பார், கவரின் உட்புறத்தையும் பார். இருட்டென்றால் விரலை விட்டுத் தடவு. பிறகு சேஃப்டியை எடுத்து, காக்கிங் ஹேண்டிலை (போல்ட்டை இழுக்கும் கைப்பிடி) கையால் பிடித்தபடி ட்ரிகரை அழுத்திப் போல்ட்டை மெதுவாக முன்னே விடு. காலிதானா என்று பார்க்க ட்ரிகரைத் தட்டி விடும் வழக்கம் சிலருக்கு இருக்கிறது. கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம்.

டாங்கிக்குள் பொருத்திய வகைகளில் கூடுதல் கவனம் வேண்டும். பி.கே.டி.-யில் ட்ரிகர் மின்சாரத்தில் இயங்குகிறது. உள்ளே ஒருவர் பொத்தானைத் தொடுவது குழலுக்கு முன்னால் நிற்பவருக்குத் தெரியாது.

அப்புறம், சூடான குழல். அமெரிக்கத் தரைப்படைப் பயிற்சியில் 2 நிமிடத்துக்குள் 200 ரவுண்டு சுட்டாலே குழலைச் சூடானதாகக் கணக்கிடுவார்கள். அந்த நிலையில் ரவுண்டு சிக்கி, உடனே எடுக்க முடியவில்லை என்றால் கவரைத் திறக்காமல் 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். குனிந்து பார்க்கும் முகத்துக்கு நேரே வெடித்தால் கவர் தடுக்காது, அதுதான் திறந்து கிடக்கிறதே.

ட்ரிகரை விட்ட பிறகும் சுட்டுக்கொண்டே இருந்தால், போல்ட்டைப் பிடிக்கும் கொக்கி தேய்ந்திருக்கும், அல்லது கேஸ் குறைந்து போல்ட் முழுதாகப் பின்னே வராமல் இருக்கும். பதறித் திரும்பாதீர்கள். குழலை இலக்கிலேயே வைத்துப் பெல்ட்டை முறுக்கி அறுத்துவிடுங்கள். உள்ளே மிஞ்சிய ரவுண்டுகள் தீர்ந்ததும் நிற்கும். நின்றதும் என்னிடம் கொண்டுவராதீர்கள், அங்கேயே வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள். நான் வருகிறேன்.