மரபணு மாற்றம் என்றாலே பரம்பரை நோயா?

சென்ற வாரம் ஏற்காடு மலைக்கிராமம் ஒன்றிலிருந்து ஏழு வயதுச் சிறுமியுடன் ஒரு பெண் சேலத்தில் என்னைப் பார்க்க வந்தார். வலிப்பின்போது வாயில் சாவிக்கொத்தைத் திணித்ததில் குழந்தையின் முன்பல் பாதியாக உடைந்திருந்தது. உட்காரும் முன்பே மாமியார், "எங்க வம்சத்துல யாருக்கும் இது இல்லைங்க டாக்டர், இவ வீட்டுல இருந்து வந்தது" என்றார். அந்தப் பெண் தலை நிமிரவே இல்லை. இந்தப் பழியைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

அச்சிறுமியின் எம்.ஆர்.ஐ. படத்தில் மூளைப் புறணியின், அதாவது மூளையின் மேலடுக்கின், ஓரிடம் மட்டும் தடித்து, எல்லை மங்கித் தெரிகிறது. இத்தகைய குறைபாடு பலருக்கு, கருவில் மூளைச் செல்கள் பெருகும் காலத்தில் ஏதோ ஒரு செல்லில் புதிதாக நேர்ந்த மரபணு மாற்றத்தால் வருகிறது. அந்த ஒரு செல்லிலிருந்து பிறந்த செல்கள் மட்டுமே அம்மாற்றத்தைச் சுமக்கின்றன. செல் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் எம்டார் வழித்தடம் கட்டுமீறுவதால் அவை அளவுக்கு மீறிப் பருத்து, இடம் மாறி அமைந்து, வலிப்பைத் தூண்டுகின்றன. அறுவை செய்தெடுத்த திசுவில் நூற்றில் ஓரிரு செல்களில் மட்டுமே மாற்றம் தென்பட்ட நோயாளிகளும் உண்டு. தாயின் இரத்தத்திலோ தந்தையின் இரத்தத்திலோ அது இராது. குழந்தையின் இரத்தப் பரிசோதனையிலேகூடத் தெரியாமல் போகலாம். இதில் எந்த வம்சத்தைக் குறை சொல்வது?

கைக்குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும் கடும் வலிப்பு நோயான டிராவே நோய்க்குறியில் மரபணு மாற்றம் உடல் முழுவதும் இருக்கும். ஆனால் அதுவும் பெரும்பாலும் குழந்தையிடம் புதிதாகத் தோன்றுவதே. அக்குழந்தைகளுக்குக் கார்பமாசெபின் என்ற வலிப்பு மருந்தே வலிப்பை அதிகப்படுத்திவிடும் என்பதால், அடுத்த வீட்டுக் குழந்தையின் மருந்துச்சீட்டைக் காட்டி மாத்திரை வாங்காதீர்கள். உண்மையிலேயே பெற்றோர் வழியாக வரும் வகைகளும் உள்ளன. அவை தந்தை வழியாகவும் வரும், அதுவும் எவருடைய குற்றமும் அன்று. குடும்ப வரலாற்றை நாங்கள் விசாரிப்பது சிகிச்சைக்காக மட்டுமே.

வலிப்பு வந்தால் சாவியும் வேண்டாம், வெங்காயமும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, நேரத்தைக் கவனியுங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலம் வர வேண்டியவர்கள், வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடாசோலம் மருந்தை வீட்டில் வைத்திருப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரையைத் தாமாக நிறுத்தாதீர்கள். பொருத்தமான இரண்டு மருந்துகளை முறையாகக் கொடுத்தும் வலிப்பு அடங்காவிட்டால், அறுவை சிகிச்சை பயன்படுமா என்று ஆராய்வதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த முறை வரும்போது குழந்தையின் தந்தையும் கட்டாயம் உடன் வரட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன், அந்த எம்.ஆர்.ஐ. படத்தை அவரிடமும் காட்டி விளக்க வேண்டும்.