நீஷ்: செயல் வாழிடம்

சூழலியலில் ஓர் உயிர் தன் சூழலில் பிழைக்கும் விதத்தைக் குறிக்க வரும் 'நீஷ்' (niche) என்ற சொல்லைப் பலரும் 'வாழிடம்' என்று பெயர்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தனுஷ்கோடி மணல்மேட்டில் அந்தப் பெயர்ப்பு நிற்காது. அங்கே அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் (இராமேசுவரத்துக்கு இவ்வளவு அருகில் இப்படியொரு பெயர்!) ஒரே மணலில், ஒரே உப்புக்காற்றில் வளர்கின்றன. வாழிடம் ஒன்று, பிழைப்பு வேறு. புல்லின் மகரந்தத்தைக் காற்று கொண்டுபோகிறது. காய்ந்த கதிர்த்தலைகளைக் கரையோரம் உருட்டிச் செல்வதும் காற்றுதான். அடும்போ காலையில் ஊதாப் பூவை விரித்து, தேன் வைத்துத் தேனீக்குக் காத்திருக்கிறது. அதன் விதை கடல்நீரில் மிதந்து பரவுகிறது.

பிரெஞ்சில் நீஷ் என்றால் சுவரில் சிலை வைக்கும் குழிவு. கோயில் விமானச் சுவரில் தட்சிணாமூர்த்தி அமர்ந்திருக்கும் கோட்டம் அதுவே. கூட்டைக் குறிக்கும் 'நீடுஸ்' என்ற இலத்தீன் சொல்லை அதன் வேராகக் காட்டுவார்கள். 1917இல் விலங்கியலாளர் ஜோசப் கிரின்னல், கலிபோர்னியப் புதர்ப் பறவை ஒன்றுக்குப் பொருந்தும் சூழலை இச்சொல்லால் குறித்தார். 1927இல் சூழலியலாளர் சார்லஸ் எல்டன் அதை உணவு, பகை என்ற உறவுகளின் பக்கம் திருப்பினார். 1957இல் இன்னொரு சூழலியலாளர் ஹட்சின்சன் வெப்பம், ஈரம், உப்பு என ஒவ்வொன்றையும் ஓர் அச்சாக்கி, ஓர் உயிர் தாங்கக்கூடிய பல பரிமாண வெளியே நீஷ் என்றார். அதில் போட்டியாளர்கள் நெருக்கியபின் மிஞ்சுவது நடைமுறை நீஷ்.

இந்தக் கணக்கில் பகைக்குத்தான் இடம் அதிகம், உறவுக்குக் குறைவு. இரண்டு உயிர்கள் ஒன்றுக்கொன்று பயன் தந்து வாழும் உறவுக்கான சொல் 'மியூச்சுவலிசம்'. 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜிய விலங்கியலாளர் வான் பெனெடன் உயிரியலில் புழங்கவிட்டது. தமிழில் 'ஒருங்குயிரிநிலை' என்கிறோம். அது சேர்ந்திருப்பதைச் சொல்கிறது, கைமாறுவதைச் சொல்லவில்லை. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் குடும்பங்களைக் கொண்டான் கொடுத்தான் என்போமே, அந்த உறவு இது. 'கொண்டுகொடுத்தல்' எனக்குப் பிடித்த பெயர்ப்பு.

அடும்பு தன் மகரந்தத்தாலேயே விதை பிடிப்பதில்லை. தேனீ வராவிட்டாலும் கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படரும், மணலைப் பிடித்து நிறுத்தும். ஆனால் அலையில் மிதந்து வேறு கரை சேர விதை இராது. ஆகவே ஹட்சின்சனின் அச்சுகளோடு தேனீயையும் ஓர் அச்சாகச் சேர்க்க வேண்டும். தேனீ இல்லாத கரையில் அடும்பின் நடைமுறை நீஷ் சுருங்கும், இருந்தால் விரியும்.

நீஷுக்குப் பாடநூல்கள் தரும் 'செயல் வாழிடம்' என்ற பெயர்ப்பு இதற்கு ஓரளவு ஈடுகொடுக்கிறது, 'செயல்' முன்னால் நிற்பதால். அடும்பின் இலைக்காம்பில் சுரக்கும் தேனுக்கு எறும்புகளும் வருகின்றன. இலை தின்னும் பூச்சிகளை அவை விரட்டும் இடத்தில் அதுவும் கொண்டுகொடுத்தல்தான்.