பூனைப் படம் ஏன் அங்கே போனது?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “சமூக ஊடகத்தில் சொந்தக் கணக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று, நாங்கள் நடத்தும் வாசிப்புக் குழுவுக்கு ஒன்று என மூன்றையும் ஒரே செயலியில் வைத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒருமுறையாவது ஒன்றில் போட வேண்டியதை இன்னொன்றில் போட்டுவிடுகிறேன். எனக்கு ஞாபக மறதியா, இல்லை செயலி சரியில்லையா?”

செயலிதான் சரியில்லை. கொஞ்சம் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்கிறேனோ என்று தோன்றலாம், நானும் அடிபட்டவன் என்பதால் அப்படித்தான் சொல்வேன். ஓர் அறிவியல் அமைப்பின் பக்கத்தைச் சில காலம் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ராத்திரி வீட்டுப் பூனையைப் படமெடுத்து, “ரெண்டு நாளா ஐயாவுக்கு வயிறு சரியில்லை, யாரிடமும் பேச மாட்டேன் என்கிறார்” என்று எழுதித் தட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் பார்த்தால் அது அமைப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு முந்தைய பதிவு எங்கள் தலைவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து. படத்தைச் சரியாகப் பார்க்காத நாலைந்து பேர் “ஐயா விரைவில் நலம்பெற வேண்டுகிறோம்” என்று எழுதியிருந்தார்கள். படத்தைப் பார்த்த ஒரே ஒருவர் “புழு மருந்து கொடுத்தீர்களா?” என்று கேட்டிருந்தார்.

பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. 2011 பிப்ரவரியில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ட்விட்டர் கணக்கில் திடீரென்று பீர் பாட்டில் கிடைத்த சந்தோஷத்தைக் கொண்டாடும் பதிவு ஒன்று வந்தது. அங்கே வேலை பார்த்த ஒருவர், பல கணக்குகளைச் சேர்த்து மேய்க்கும் செயலி ஒன்றில், தன் கணக்கு என்று நினைத்துப் போட்டது. சங்கம் பதறவில்லை. பதிவை நீக்கிவிட்டோம், நாங்கள் நிதானமாகத்தான் இருக்கிறோம், சாவியைப் பிடுங்கி வைத்துவிட்டோம் என்கிற மாதிரி ஒரு பதில் போட்டுச் சிரித்துக் கடந்துவிட்டார்கள்.

சரி, இது ஏன் நடக்கிறது? எந்தக் கணக்கில் இருக்கிறோம் என்பதைச் செயலி மறைத்தா வைத்திருக்கிறது? திரையின் மேல் மூலையில் வட்டமாக டிபி (கணக்கின் முகப்புப் படம்) தெரிகிறது, பக்கத்திலேயே கணக்கின் பெயர். “கண்ணுக்கு முன்னாடியே இருக்கே” என்று வடிவமைத்தவர் வாதாடுவார். கண்ணுக்கு முன்னால் இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதுதான் விஷயமே.

கையை முழுசாக நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். அந்த நகத்தின் அகலம் கண்ணில் சுமார் 2 டிகிரி. விழித்திரையின் நடுவில் ஃபோவியா என்ற சின்னக் குழி இருக்கிறது, கூர்மையாகப் பார்க்கும் கூம்பு செல்கள் அங்கேதான் நெருக்கியடித்து நிற்கின்றன. எந்த நேரத்திலும் நாம் உண்மையிலேயே தெளிவாகப் பார்ப்பது அந்த நக அகலத்துக்குள் இருப்பதைத்தான். மிச்ச உலகம் எல்லாம் உத்தேசம். அப்படியிருந்தும் எல்லாமே தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு நிம்மதி நமக்கு இருக்கிறதே, அதற்குக் காரணம், எதன்மேல் ஐயம் வந்தாலும் கண் அங்கே தாவிவிடுகிறது. நொடிக்கு 3, 4 தாவல்கள் சர்வசாதாரணம். தாவிப் பார்த்தபோதெல்லாம் தெளிவாக இருந்ததால், எப்போதும் தெளிவாகத்தான் இருந்திருக்கும் என்று மூளை எழுதிக்கொள்கிறது. ஆனால் ஒன்று, சந்தேகம் வந்தால்தானே கண் போகும்? பூனைக்கு வயிற்றுவலி என்று எழுதிக்கொண்டிருப்பவனுக்கு, நான் எந்தக் கணக்கில் இருக்கிறேன் என்ற சந்தேகம் எதற்கு வரப்போகிறது?

இதைக் கைபேசியில் வைத்துக் கணக்குப் போடலாம். போனை 30 செ.மீ. தூரத்தில் பிடித்தால் 2 டிகிரி என்பது திரையில் ஏறத்தாழ 1 செ.மீ. வட்டம். பதிவை அனுப்பும் பொத்தான் ஒரு மூலையில், டிபி எதிர் மூலையில், இடையில் 6 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பொத்தானைப் பார்க்கும் கண்ணுக்கு டிபி சுமார் 11 டிகிரி தள்ளி இருக்கிறது. அந்தத் தூரத்தில் பார்வைக் கூர்மை நடுவில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான் தேறும்.

வெறும் மங்கல் என்றால்கூடப் பரவாயில்லை, டிபியைப் பெரிதாக்கிச் சமாளிக்கலாம். அதைவிட அழகான ஒரு வில்லங்கம் இருக்கிறது, எனக்கு இந்த விஷயத்திலேயே மிகப் பிடித்தது அதுதான். ஒரு தாளை எடுங்கள். இடதுபக்கம் ஒரு கூட்டல் குறி போட்டு, நாலு விரற்கடை தள்ளி வலதுபக்கம் ‘க’ என்று கொஞ்சம் பெரிதாக எழுதுங்கள். கீழே இன்னொரு கூட்டல் குறி. அதே தூரத்தில், அதே அளவில் ஒரு ‘க’, ஆனால் இந்தத் தடவை அதன் இரண்டு பக்கமும் எழுத்துகளை நெருக்கிச் சேர்த்து ‘தகந’ என்று எழுதுங்கள். இப்போது தாளைப் படிக்கும் தூரத்தில் பிடித்து, கூட்டல் குறியைவிட்டுக் கண்ணை நகர்த்தாமல் பாருங்கள். (கண் நகரப் பார்க்கும், விடாதீர்கள்.) மேலே உள்ள ‘க’ ஓரக்கண்ணுக்கு அழகாகத் தெரியும். கீழே உள்ளதோ, ஏதோ எழுத்து இருக்கிறது, கோடுகளும் வளைவுகளும் இருக்கின்றன, ஆனால் எது எதனுடையது என்று பிரிக்க முடியாமல் ஒரு குழம்பாகக் கிடக்கும். எழுத்தின் அளவு மாறவில்லை, தூரம் மாறவில்லை, பக்கத்தில் ஆள் வந்ததுதான் மாற்றம்.

இதற்கு நெரிசல் விளைவு என்று பெயர் வைக்கலாம். நெதர்லாந்தைச் சேர்ந்த ஹெர்மன் பௌமா 1970-ல் இதை அளந்தார். எழுத்துகளுக்கு இரண்டு பக்கமும் வேறு எழுத்தை நிறுத்தி, எவ்வளவு தள்ளி நிறுத்தினால் நடுவிலிருப்பது பிழைக்கும் என்று பார்த்தார். பார்வை மையத்திலிருந்து ஒரு பொருள் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அதில் சுமார் பாதி அளவுக்கு அதைச் சுற்றி வெற்றிடம் வேண்டும், இல்லையென்றால் அக்கம்பக்கம் அதை விழுங்கிவிடும். நம் டிபிக்கு இதைப் போட்டுப் பாருங்கள்: 6 செ.மீ. தள்ளியிருக்கிறது, ஆக அதைச் சுற்றி 3 செ.மீ. காலியாக இருக்க வேண்டும். இருக்கிறதா? ஒட்டினாற்போலப் பெயர், கீழே எழுதும் பெட்டி, மேலே கடிகாரமும் பேட்டரியும். திரையே மொத்தம் 7 செ.மீ. அகலம்தான்! ஆக, பொத்தானைத் தட்டும் அந்தக் கணத்தில் டிபி என்பது ஏதோ ஒரு வட்டம், அவ்வளவே. என் முகமா அமைப்பின் சின்னமா என்று கண்ணால் சொல்ல முடியாது, கவனமாக இருந்தாலும் முடியாது.

எழுத்துக்குப் பக்கத்தில் எழுத்து நின்றால் என்ன ஆகும் என்று ஒருவர் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு வந்தால், இன்றைக்கு எத்தனை நிதிக்குழுக்கள் நிமிர்ந்து பார்க்கும் என்று தெரியவில்லை. “இதனால் என்ன பயன், மூன்று வருடத்தில் என்ன பொருள் வெளிவரும்?” என்று ஒரு படிவத்தை நீட்டியிருப்பார்கள். பௌமா வேலை பார்த்த ஐந்தோவன் புலனுணர்வு ஆய்வு நிலையத்தை ஒரு மின்பொருள் நிறுவனமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தின. 1970-ல் யார் கையிலும் ஸ்மார்ட்போன் கிடையாது, அந்த விதிதான் இன்று என் பூனைக்கு விளக்கம் சொல்கிறது.

இப்போது மருந்துக்கு வருவோம். அது இதைவிடப் பழையது. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் ஒரு விசித்திரமான விபத்து திரும்பத் திரும்ப நடந்தது. விமானம் பத்திரமாகத் தரையிறங்கி ஓடிக்கொண்டிருக்கும்போது விமானி சக்கரத்தை உள்ளே மடக்கிவிடுவார், விமானம் வயிற்றில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். விமானிக்குக் கவனம் போதாது என்று எழுதி மூடியிருந்தார்கள். அல்போன்ஸ் சபானிஸ் என்ற இளம் உளவியலாளர் விமானி அறையில் ஏறிப் பார்த்தார். சக்கரத்துக்கான சுவிட்சும், இறக்கையின் பின்னோரத்தில் ஏறி இறங்கும் மடிப்புகளுக்கான (ஃப்ளாப்) சுவிட்சும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே மாதிரி இருந்தன. இறங்கியபின் மடிப்புகளை ஏற்ற வேண்டும், கை பக்கத்துச் சுவிட்சுக்குப் போய்விடுகிறது. இந்த இரண்டும் தள்ளித்தள்ளி அமைந்த சி-47 போன்ற விமானங்களில் இந்த விபத்து இல்லை. அவர் யாருக்கும் கவனப் பயிற்சி வகுப்பு எடுக்கவில்லை, சக்கரச் சுவிட்சின் தலையில் குட்டி ரப்பர் சக்கரத்தையும், மற்றதன் தலையில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தினார். கை தொட்டதுமே தெரிந்துவிடும். இன்றைக்கும் பயணிகள் விமானங்களில் சக்கரத்தை இறக்கும் நெம்புகோலின் தலை சக்கர வடிவத்தில்தான் இருக்கும்.

அந்த ரப்பர் சக்கரத்தை நம் செயலியில் எங்கே ஒட்டுவது? டிபியில் ஒட்டிப் பயனில்லை, பொத்தானில் ஒட்ட வேண்டும். விரல் போகும் இடத்துக்குக் கண்ணும் போகிறது, எனவே “வெளியிடு” என்று மொட்டையாக எழுதாமல், “பூனைப் பக்கத்தில் வெளியிடு”, “அலுவலகப் பக்கத்தில் வெளியிடு” என்று பொத்தானிலேயே எழுதிவிடலாம். கணக்குக்கு ஒரு நிறம் கொடுப்பதும் நல்லதுதான், ஆனால் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டாலே சுமார் 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு-பச்சைக் குழப்பம் உண்டு. நிறத்தோடு வடிவமும் மாறட்டும்: ஒன்றுக்கு வட்டப் பொத்தான், இன்னொன்றுக்குச் சதுரம்.

இன்னும் அடிப்படையாக ஒரு திருத்தம் உண்டு. “இப்போது நீங்கள் இந்தக் கணக்கில் இருக்கிறீர்கள்” என்ற எண்ணத்தையே எடுத்துவிடுவது. ஒரே பொத்தான், நாம் இருக்கும் நிலையைப் பொறுத்து வேறுவேறு வேலை செய்தால் அங்கே பிழை நிச்சயம் என்று உளவியலாளர் டொனால்ட் நார்மன் 1981-லேயே கைப்பிழைகளை வகைபிரித்தபோது சொல்லிவிட்டார். வெட்டு-நகல்-ஒட்டு வசதியை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டெஸ்லர், நிலைகளே வேண்டாம் என்ற பொருளில் தன் காருக்கு நம்பர் பிளேட்டே வைத்திருந்தார், அவ்வளவு கடுப்பு. ஒவ்வொரு வரைவும் தன் கணக்கைத் தன்னோடு ஒட்டிக்கொண்டே பிறக்கட்டும், கடித உறையில் விலாசம் மாதிரி. அலுவலகக் கணக்குக்கு வந்த அறிவிப்பைத் தட்டிப் பதில் எழுதினால் அது அலுவலகப் பதிலாகவே இருக்கட்டும், நான் நடுவில் வேறு எங்கே போய்வந்தேன் என்பது அதற்கு எதற்கு?

பல செயலிகள் இதையெல்லாம் விட்டுவிட்டு “நிச்சயமாக வெளியிட வேண்டுமா?” என்று ஒரு பெட்டியை நீட்டும். தயவுசெய்து வேண்டாம். கணினி எச்சரிக்கைகளைப் பார்க்கும்போது மூளை என்ன செய்கிறது என்று பிரிகாம் யங் பல்கலைக்கழகக் குழு எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனில் பார்த்திருக்கிறது. அதே எச்சரிக்கை இரண்டாவது தடவை வரும்போதே பார்வைப் பகுதிகளின் துடிப்பு சட்டென்று இறங்கிவிடுகிறது. பத்தாவது தடவை “ஆம்” தட்டுவது விரல்தான், நாம் இல்லை. அதற்குப் பதிலாகத் தட்டியபிறகு கொஞ்சம் அவகாசம் கொடுக்கலாம். ஜிமெயிலின் “அனுப்பியதைத் திரும்பப்பெறு” வசதி போன கடிதத்தைத் துரத்திப் பிடிப்பதில்லை, 5 முதல் 30 நொடி வரை அனுப்பாமலே வைத்திருக்கிறது. தவறு பெரும்பாலும் தட்டிய அடுத்த நொடியில்தான் உறைக்கும் என்பதால் இது அருமையாக வேலை செய்கிறது. நான் தட்டிவிட்டுத் தூங்கப் போனேன், அது வேறு கதை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இத்தனை கணக்குகளின் கடவுச்சொல்லையும் செயலி வைத்திருக்குமா? நல்ல செயலி வைத்திருக்காது. நீங்கள் அந்தந்தத் தளத்திலேயே நுழைந்து அனுமதி கொடுக்க, தளம் செயலிக்கு ஒரு டோக்கன் கொடுக்கும். இன்னின்ன வேலை மட்டும் செய்யலாம் என்ற வரையறையோடு, வேண்டாதபோது அதை மட்டும் ரத்து செய்துகொள்ளலாம். ஓஆத் என்ற இந்த முறையின் இரண்டாம் பதிப்பு 2012-ல் வந்தது. கடவுச்சொல்லைத் தன் பெட்டியிலேயே நேரடியாகக் கேட்கிற செயலியைக் கண்டால் விலகிவிடுங்கள். அப்புறம் எழுத்து எண்ணிக்கை. ‘தமிழ்’ என்பது நமக்கு 3 எழுத்து. எக்ஸ் தளத்தின் (பழைய ட்விட்டர்) 280 எழுத்து வரம்பில் அது 5, ஏனென்றால் ‘மி’-யின் கொக்கியும் ‘ழ்’-இன் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். ப்ளூஸ்கை என்ற இன்னொரு தளத்தின் 300 எழுத்து வரம்பில் அது 3 தான், அங்கே கண்ணுக்குத் தெரியும் எழுத்தைத்தான் எண்ணுகிறார்கள். ஒரே பதிவை இரண்டு இடத்துக்கு அனுப்பும் செயலி இரண்டு எண்ணிக்கையையும் தனித்தனியாகக் காட்டவில்லை என்றால், கடைசி வாக்கியம் எங்காவது வெட்டுப்படும்.

“பட்டியலில் 7 கணக்குக்கு மேல் காட்டக்கூடாதாமே?” என்றும் அந்த வாசகர் கேட்டிருந்தார். வடிவமைப்பாளர்களிடையே உலவும் மூடநம்பிக்கை இது, ராகுகாலத்துக்கு ஆதாரம் கேட்பவர்கள்கூட இதற்குக் கேட்பதில்லை. அந்த 7 பற்றி உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-ல் எழுதியது, கேட்டதை உடனே நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்லும் அளவைப் பற்றி. திரையில் கண்ணுக்கு முன்னால் கிடக்கும் பட்டியலை எதற்கு மனப்பாடம் செய்ய வேண்டும்? 12 கணக்கு இருந்தால் 12-ஐயும் காட்டுங்கள், ஆனால் வரிசையை மட்டும் நாளுக்கொரு தடவை மாற்றாதீர்கள், கை பழகிய இடத்துக்குத்தான் போகும்.

பொத்தானில் கணக்கின் பெயரை எழுதச் சொன்னேன் இல்லையா, அதற்கு நான் எதிர்பார்க்காத ஒரு வேலையும் இருக்கிறது. பார்வையற்ற நண்பர் ஒருவரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் சிரித்தார். அவருடைய போனில் திரைவாசிப்பான் ஒவ்வொரு பொத்தானையும் வாசித்துக்காட்டும். எந்தக் கணக்கில் இருந்தாலும் அவருக்குக் காதில் விழுவது “வெளியிடு, பொத்தான்” மட்டும்தான், டிபியின் வட்டமும் நிறமும் அவருக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஒவ்வொரு தடவையும் மேலே போய்க் கணக்கின் பெயரைக் கேட்டுவிட்டுத் திரும்பக் கீழே வருவாராம். “பொத்தானிலேயே பேர் இருந்தா நான் ஏன் மேலே போறேன்?” என்றார்.