நெஃப்ரோடிக் சிண்ட்ரோம்: தமிழில் என்ன சொல்வது?

கிரேக்கத்தில் ‘நெஃப்ரோஸ்’ என்றால் சிறுநீரகம். ‘சிண்ட்ரோம்’ என்பது சேர்ந்தோடுதல்; ஒன்றாக வரும் அறிகுறிகளின் தொகுப்பு. அழற்சி இல்லாத சிறுநீரகக் கேட்டைப் பிரித்துக் காட்ட, ஜெர்மானிய மருத்துவர் ஃபிரெடரிக் ஃபான் முல்லர் 1905இல் ‘நெஃப்ரோசிஸ்’ என்ற சொல்லை முன்வைத்தார். நெஃப்ரோடிக் அதிலிருந்து வந்தது. எனவே இதைச் ‘சிறுநீரக அழற்சி’ என்று எழுதுவது பிழை. அது நெஃப்ரைட்டிஸுக்கு உரிய பெயர். அதன் ஒரு வகையில், தொண்டைப்புண் ஆறி ஒன்றிரண்டு வாரத்தில், சிரங்கு என்றால் மூன்று முதல் ஆறு வாரத்தில், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும், ரத்த அழுத்தம் ஏறும்.

நெஃப்ரோடிக்கில் நடப்பது கசிவு. சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய் முடிச்சான வடிமுடிச்சின் (குளோமெருலஸ்) சுவர் ஆல்புமின் என்ற புரதத்தை வெளியே விடாது. அந்தச் சுவர் கெட்டால் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 3.5 கிராமுக்கு மேல் புரதம் இறங்கிவிடும். சிறுநீர் நுரைக்கும். காலையில் கண்ணிமையும் மாலையில் கணுக்காலும் வீங்கும். ரத்தக் கொழுப்பு ஏறும். ரத்தம் உறையாமல் காக்கும் புரதமும் சேர்ந்தே ஒழுகுவதால் சிரைக்குள் ரத்தம் கட்டலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறுவர்களுக்குப் பெரும்பாலும் ‘மினிமல் சேஞ்ச்’ (சாதாரண நுண்ணோக்கியில் மாற்றம் அதிகம் தெரியாத) வகை, ஸ்டீராய்டுக்கு நன்றாகக் கேட்கும். பெரியவர்களிடம் சர்க்கரை நோய் முக்கியக் காரணம்.

‘சிறுநீரில் உப்பு போகிறது’ என்பது பேச்சு வழக்கு. ஆனால் போவது உப்பல்ல, புரதம். ‘சிறுநீரகப் புரதக்கசிவு நோய்த்தொகுப்பு’ என்பதே பொருத்தம். சுருக்கமாகப் புரதக்கசிவு நோய். வீக்கம் இருக்கும்வரை சாப்பாட்டில் உப்பைக் குறைக்க வேண்டும். போன புரதத்தை ஈடுகட்ட முட்டையும் பருப்பும் அளவுக்கு மீறித் தர வேண்டியதில்லை, வயதுக்கேற்ற அளவு போதும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். காலையின் முதல் சிறுநீரைச் சோதனைக் குழாயில் முக்கால் பங்கு எடுத்து, மேல்பகுதியை மட்டும் சூடாக்குங்கள். கலங்கினால் சில சொட்டு வினிகர் விடுங்கள். கலங்கல் தெளிந்தால் அது பாஸ்பேட், தெளியாவிட்டால் புரதம். ஏற்கெனவே குணமானவருக்கு, சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் சோதனைப் பட்டையில் தொடர்ந்து 3 நாள் 3+ (புரதம் மிகுதி) காட்டினால் நோய் திரும்பிவிட்டது என்று பொருள். சோதனை முடிவுகளை எழுதிய குறிப்பேட்டோடு மருத்துவரிடம் செல்லுங்கள். வீக்கம் வடிந்ததே என்று ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசோலோனைத் திடீரென நிறுத்தாதீர்கள். அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.