பெரோவ்ஸ்கைட்டு அடுக்குக்கலம்: சொல் விளக்கம்

‘பெரோவ்ஸ்கைட் டேண்டம் செல்’ என்று நாளிதழ்கள் எழுதுவது, சிலிக்கன் கலத்தின் மேல் பெரோவ்ஸ்கைட்டுக் கலத்தை அடுக்கிய சூரிய மின்கலத்தை. அப்பெயரின் முதற்சொல் ஓர் ஆட்பெயரிலிருந்து வந்தது. உரால் மலையில் கிடைத்த கால்சியம் டைட்டனேட்டுக் கனிமத்தை 1839இல் ஆராய்ந்த ஜெர்மானியர் குஸ்தாவ் ரோசே, ருஷ்யப் பிரபு லெவ் பெரோவ்ஸ்கியின் பெயரை அதற்குச் சூட்டினார். பின்னர் அதே படிக அமைப்புடைய பொருள்கள் அனைத்துக்கும் அப்பெயர் பொதுவாயிற்று. இன்று மின்கலத்தில் பூசப்படுவது அந்தக் கனிமம் அன்று; பெரும்பாலும் ஈயமும் அயோடினும் புரோமினும் கலந்த செயற்கைச் சேர்மமே. ஆட்பெயர் வழி வந்ததால் ஒலிபெயர்ப்பே போதும்.

‘டேண்டம்’ இலத்தீனில் ‘நெடுநேரம் கழித்து’ எனப் பொருள்படும். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் அதை ‘நீளவாக்கில்’ என்று சிலேடையாக்கி, முன்னும் பின்னுமாகக் குதிரை பூட்டிய வண்டிக்கு வைத்தனர். டேண்டம் செல்லை ‘இணைக்கலம்’ என்பது பொருந்தாது. மின்னியலில் இணைச்சுற்று என்பது வேறு, இவ்வகைக் கலங்களிற் பலவும் தொடர்ச்சுற்றில் அமைபவை. ‘அடுக்குக்கலம்’ என்பதே என் தேர்வு. பிரித்தால் பொருள் தராத இரட்டைக்கிளவி போலன்றி, அடுக்குத்தொடரில் ஒவ்வொரு சொல்லும் தனித்தும் பொருள் தருவதுபோல, இங்கே மேற்கலமும் கீழ்க்கலமும் தனித்தனியே மின்சாரம் தரவல்லவை.

சிலிக்கன் மட்டும் இருந்தால், நீல ஒளியின் மிகுதி ஆற்றல் வெப்பமாக வீணாகும். படும் சூரிய ஆற்றலில் அது மின்சாரமாக மாற்றக்கூடிய பங்கின் கோட்பாட்டு உச்சவரம்பே ஏறத்தாழ 29.4 விழுக்காடுதான். மேலுள்ள பெரோவ்ஸ்கைட்டு, நீலத்தையும் பச்சையையும் உயர் மின்னழுத்தத்தில் பயன்படுத்திக்கொண்டு, அகச்சிவப்பைக் கீழுள்ள சிலிக்கனுக்கு விட்டுவிடுகிறது. 2009இல் ஜப்பானின் மியாசாகா குழு 3.8 விழுக்காட்டுடன் தொடங்கிவைத்த பெரோவ்ஸ்கைட்டு, சிலிக்கனோடு அடுக்கப்பட்டு, சீனாவின் லாஞ்சி நிறுவனத்தின் சிறு கலமொன்றில் 2024இல் 34.6 விழுக்காட்டை எட்டியது.

இந்த எண்ணுக்கு ‘செயல்திறன்’ என்ற சொல் பொருந்தும். கலம் எத்தனை ஆண்டு நீடிக்கும் என்பதை உணர்த்த ‘நிலைப்புத்திறன்’ என்ற சொல் தனியே வேண்டும். ஈரமும் வெப்பமும் பெரோவ்ஸ்கைட்டைச் சிதைக்கின்றன. ஒளி படும்போதே அயோடைடும் புரோமைடும் தனித்தனித் திட்டுகளாகப் பிரிய, மின்னழுத்தம் சரிகிறது. 85 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் 85 விழுக்காட்டு ஈரப்பதத்திலும் 1000 மணி நேரம் தாங்குவதே சூரியத் தகடுகளுக்கான வழக்கமான சோதனைகளுள் ஒன்று. திறன் தொடக்க அளவில் 80 விழுக்காடாகக் குறையும் காலத்தை ‘டி80’ என்பர். தமிழில் ‘எண்பது விழுக்காட்டு ஆயுள்’ எனலாம். சிலிக்கன் தகடுகள் 25 ஆண்டு உத்தரவாதத்துடன் விற்கப்படும் சந்தையில், செயல்திறனைச் சொல்லும் செய்தி இந்த ஆயுளையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.